கிழவனின் மார்பில் தெரிந்த வேல்

செய்தி வேலிக்கு மேலால் வந்தது. முருகேசு கொடியில் ஈர வேட்டிகளை விரித்துக்கொண்டிருந்தார். ஒழுங்கையால் போன இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு போனார்கள்.

"கோயில் திரைச்சீலையிலை வேல் தெரியுதாமடி. அந்தக் கிழவன்ரை நெஞ்சிலையாம். கறுப்பா, வடிவா."

"ஆர் கீறினதாம்?"

"ஒருத்தரும் கீறேல்லையாம், தானா வந்ததாம். ஐயர் ஈரச்சீலையாலை துடைச்சுப் பாத்தவராம். தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பாத்தவராம். அசையேல்லையாம்."

பெண்கள் போய்விட்டார்கள். முருகேசு கையில் இருந்த வேட்டி புழுதியில் விழுந்தது. முப்பத்தைந்து வருடத் தொழிலில் வெளுத்த துணியை நிலத்தில் போட்டவர் இல்லை அவர். கறுப்பு, தானாக மேலே வந்தது, தேசிக்காய்க்கும் அசையாதது. அப்படிப்பட்ட பொருள் உலகத்தில் எத்தனை இருக்கிறதோ, அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது அவருடைய வீட்டுக் கூரை இறப்பில் ஒரு சிரட்டைக்குள் இருந்தது. சேங்கொட்டை மை.

கொடிகாமச் சந்தையிலிருந்து இரண்டு கட்டை தூரம் தள்ளி இருந்தது நாவலடிப்புலம். முருகேசு அந்த ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடி. ஊர் அவரை 'அவன்' என்றுதான் சொன்னது, சின்னப் பிள்ளைகள் உட்பட. இந்தக் கதை அவரை அவர் என்றே சொல்லும். அதில் யாருக்கும் மனக்குறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நாற்பத்திரண்டு வீட்டுத் துணி ஒரே வெள்ளாவியில் அவியும்போது யாருடையது எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி இருந்தது. ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, ஒரு வீட்டுக்குச் சிலுவைக் கோடு, ஒரு வீட்டுக்கு வளையம். சேங்கொட்டையில் ஊசியைக் குத்தித் துணியின் தலைப்பில் நெல்மணி அளவில் போட்டுவிட்டால், துணி நைந்து கிழிந்தாலும் குறி போகாது. அந்த வேலை முருகேசுவின் மனைவி இரத்தினம்மாவுடையது. அவள் எழுத்துப் படிக்காதவள். ஆனால் நாற்பத்திரண்டு குறியும் அவள் கையில் பிசகாது. அவள் போடும் கோடு எல்லாமே முடியும் இடத்தில் கொஞ்சம் இடப்பக்கம் சரியும். முருகேசு அதைச் சொல்லிக் கேலி செய்வார், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

செத்தவீட்டில் பிணத்துக்கு மேலே பந்தலாகக் கட்டும் வெள்ளைக்கு மட்டும் அவள் தனி வழக்கம் ஒன்று வைத்திருந்தாள். வீட்டுக் குறிக்குக் கீழே நெடுக்காக ஒரு கோடு இழுத்துவிடுவாள். கோடு விழுந்த துணி அதற்குப் பிறகு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகாது. இன்னொரு சாவு வரும்வரை முருகேசு வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும். அப்படியான துணியை எந்த வீட்டுக்காரரும் திருப்பிக் கேட்பதுமில்லை. இந்தக் கோட்டின் சங்கதி புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும்தான் தெரியும். ஊருக்கு அதைத் தெரிந்து ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

இரத்தினம்மா 1966இல் நெருப்புக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஊர் முருகன் கோயிலுக்குள் ஒருமுறை போக வேண்டும். திருவிழாவுக்குப் பந்தம் சுற்றும் துணி அவள் கிழித்துக் கொடுத்தது, வாகனத்துக்குப் போர்க்கும் வெள்ளை அவள் வெளுத்தது. ஆனால் அவள் நின்றது வெளி வீதியில், வேப்ப மரத்துக்குப் பக்கத்தில். எல்லாரும் உள்ளே போகலாம் என்று சட்டம் வந்து அப்போதே ஒன்பது வருடம். சட்டம் கொழும்பில் பத்திரமாக இருந்தது.

திரைச்சீலை வரைந்தது அதற்கும் முன்பு, 1959இல். கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்த ஓவியர் ஒருவர் மடத்தில் மூன்று மாதம் தங்கி வரைந்தார். மூலத்தானத்துக்கு முன்னால் தொங்கவிடும் பெரிய திரை அது. வள்ளி தினைப்புனத்தில் நிற்கிறாள், யானை துரத்துகிறது, அவள் ஓடிப்போய்த் தாடிக் கிழவனைக் கட்டிப்பிடிக்கிறாள். கிழவன்தான் முருகன். சொல்லக் கேட்டுத்தான் முருகேசுவுக்கு இதெல்லாம் தெரியும், படத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதற்கான துணி அவருடைய வீட்டிலிருந்துதான் போனது. புதுத் துணியில் கஞ்சி இருந்தால் வர்ணப் பூச்சு வெடிக்கும், மூன்று தரம் அவித்துத் தா என்று ஓவியர் கொடுத்தனுப்பினார். அந்த நேரம் முருகேசு குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அவித்ததும் காய வைத்ததும் கொண்டுபோய்க் கொடுத்ததும் இரத்தினம்மா.

அதுதான் இப்போது அவருக்கு விளங்கவில்லை. ஓவியர் கொடுத்தது புதுத் துணி. புதுத் துணியில் குறி எங்கிருந்து வரும்?

ஒரு கிழமைக்குள் ஊர் தலைகீழாக மாறியது. கொடிகாமத்திலிருந்து வாடகை வான்கள் ஓடின. தொண்டைமானாற்றுக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்காரர் காவடியோடு வந்தார்கள். கிழவன் வேடத்தில் ஒளித்திருந்த முருகன் பதினொரு வருடம் பொறுத்துவிட்டு இப்போது தன்னைக் காட்டிவிட்டான் என்று சொல்லி அழுதார்கள். பிள்ளையில்லாதவர்கள் திரைக்கு முன்னால் விழுந்து கிடந்தார்கள். கோயில் மனேச்சர் கனகசபாபதி நித்திரை மறந்து திரிந்தார். முருகேசுவுக்கும் நித்திரை இல்லை. துவைகல்லில் நின்றாலும் சந்தைக்குப் போனாலும் 'அது எந்தக் குறி, எந்த வீட்டுக் குறி' என்ற ஒரே கேள்விதான். உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது, ஒருவரிடம் கேட்கவும் முடியாது. அது தொழிற்குறி, திரை ஒரு வீட்டின் பழந்துணி என்று ஊருக்குத் தெரிந்தால் திரையைக் கொளுத்துவார்கள், அடுத்தது அவருடைய வீட்டுக் கூரை. இதில் பயந்து கற்பனை பண்ண ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒருவன் கோயில் கேணியில் கால் நனைத்ததற்கே வீடு எரிந்தது.

பத்தாம் நாள் அவர் பயந்தது நடந்தது. அதைச் செய்தவர் பள்ளிக்கூட வாத்தியார் சோமசேகரம். நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது. சனம் நிரம்பிய மண்டபத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டு, "எனக்கென்னவோ உது கட்டாடி போடுற குறி மாதிரிக் கிடக்கு" என்றார்.

மண்டபம் கொந்தளித்துவிட்டது. வாத்தியாரை வெளியே போகச் சொன்னார்கள் சிலர். அப்படியென்றால் திரையைக் கழற்றி எரி என்றார்கள் சிலர். அந்தக் கட்டாடியைப் பிடித்துவா என்றது ஒரு குரல். கனகசபாபதி கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

"எரிக்கிறதோ கும்பிடுறதோ, பிறகு பாப்பம். குறி தெரிஞ்சவனைக் கேட்டாத் தெரியும்தானே. முருகேசுவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"உள்ளுக்கோ?" என்று ஐயர் கேட்டார்.

"திரையை வீதிக்குக் கொண்டுபோகேலாது ஐயா. பிறகு பிராயச்சித்தம் செய்வம்."

இரண்டு பேர் வந்து கூப்பிட்டபோது முருகேசு வெள்ளாவிக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கிணற்றில் குளிக்கச் சொன்னார்கள், குளித்தார். வேட்டிக்கு மேலே துவாய்த் துண்டை இடுப்பில் கட்டச் சொன்னார்கள், கட்டினார். கோபுர வாசல் படி வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. ஐம்பத்துநாலு வயதுவரை அந்தப் படிக்கு வெளியே நின்றுதான் பழக்கம். பின்னால் வந்தவன், "ஏறு, நிக்காதை" என்றான். அவர் ஏறினார். உள்ளே கல் குளிர்ந்தது. கோயில் நிலம் இவ்வளவு குளிராக இருக்கும் என்று இரத்தினம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார், பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவு வந்தது.

சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. பக்தியில் ஒதுங்கவில்லை, பட்டுவிடும் என்று ஒதுங்கியது. முருகேசு திரைக்கு முன்னால் போய் நின்றார்.

முதலில் அவருக்குக் குறி கண்ணில் படவில்லை. படம்தான் பட்டது. அவர் திகைத்துப்போனார். பச்சைத் தினைக்கதிர் ஆள் உயரத்துக்கு நின்றது. யானை கறுப்பில்லை, மழை மேகத்து நீலம். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்த அதன் கண்ணில் மட்டும் குறும்பு. வள்ளியின் கால் ஒன்று நிலத்தில் இல்லை, அவ்வளவு ஓட்டம். கிழவனுடைய வெள்ளைத் தாடிக்குள் ஒரு பெடியனின் சிரிப்பு. தங்கள் வீட்டில் வெளுத்த துணியில் இப்படி ஒரு உலகமா என்று முருகேசு நினைத்தார். இதைப் பார்க்கத்தானே பதினொரு வருடம் விடவில்லை என்று அடுத்த மூச்சில் கோபமும் வந்தது.

பிறகு கிழவனின் மார்பைப் பார்த்தார்.

மேலே வெற்றிலை போல ஒரு இலை. கீழே ஒரு கோடு. மை ஊறி ஊறி, நெல்மணி அளவு போட்டது உள்ளங்கை அளவுக்குப் பரந்திருந்தது. பார்க்கிறவனுக்கு வேலேதான். முருகேசுவுக்கு அது வேல் இல்லை. இலை மனேச்சர் கனகசபாபதி வீட்டுக் குறி. கோடு செத்தவீட்டுக் கோடு. கோட்டின் நுனி இடப்பக்கம் சரிந்திருந்தது.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. அவர் காய்ச்சலில் கிடந்த அந்தக் கிழமை இரத்தினம்மா வீட்டு நாம்பன் கன்றைத் தடியால் அடித்தாள். வாயில்லாச் சீவனை அடிக்கிறவள் இல்லை அவள். அடித்துவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலாம் நாள் கன்று வயிறு வீங்கிச் செத்தது. ஓவியரின் புதுத் துணியை அது தின்றிருக்கிறது. அந்த அகலத்துக்கு ஈடாக வீட்டில் இருந்தது பந்தல் வெள்ளை ஒன்றுதான், நாலு துண்டு சேர்த்துத் தைத்தது, குறி போட்ட தலைப்பு தையலோடு நடுவில் விழுந்திருந்தது. பயத்தில் அதைக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததை ஏழு வருடம் தன்னிடம்கூடச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. வந்த வேகத்திலேயே அது உடைந்தது. கோயிலுக்குள் கால் வைக்கவிடாத பெண் கீறின கோடு, முருகனின் நெஞ்சில் நின்று கர்ப்பூரம் வாங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அதற்கு முன்னால் விழுந்து எழும்பியது. அவள் கையால் எழுதியது உலகத்தில் வேறு என்ன மிச்சம்? மற்ற வீட்டுத் துணிகளெல்லாம் நைந்து கிழிந்து பந்தமாகிப் போய்விட்டன.

"என்னடாப்பா, வாயைத் திறந்து சொல்லன்" என்றார் சோமசேகரம். "உது உங்கடை குறியோ, இல்லையோ?"

ஓம் என்றால் எரிப்பார்கள். அவளை இரண்டாம் தரமும் எரிப்பார்கள்.

"இல்லை, வாத்தியார்."

"வடிவாப் பார்."

"வடிவாப் பாத்துட்டன். எங்கடை குறி ஒண்டும் உப்பிடி இல்லை."

சொன்னது தன் நாக்குத்தானா என்று அவருக்கே நம்ப முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவை சந்நிதிக்கு முன்னால் நின்று முதல் தடவை சொன்னது ஒரு பொய். யாரோ அரோகரா என்றார்கள், மண்டபமே கூடச் சேர்ந்து முழங்கியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் திரும்பவும் துடைத்தார். ஐயர் திருநீற்றை அரை முழ உயரத்திலிருந்து முருகேசுவின் கையில் போட்டார்.

கனகசபாபதி அவரைத் தானே வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார். வெளி மண்டபத்தில் ஆள் இல்லை. மனேச்சர் தூணுக்கு மறைவில் நின்று இடுப்பில் செருகியிருந்த வேட்டித் தலைப்பை இழுத்து எடுத்து நீட்டினார். தலைப்பில் சின்னதாக ஒரு இலை.

"எனக்கு என்ரை வீட்டுக் குறி தெரியாதெண்டோ நினைச்சனி?"

முருகேசு தூணைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தெரிந்துகொண்டா இந்த மனிதர் கூப்பிட்டார், எல்லாரும் பார்க்கத் தன்னைப் பொய் சொல்ல வைத்தார்?

"முதல் நாளே கண்டிட்டன்" என்றார் கனகசபாபதி. அவருடைய குரலில் கோபம் இல்லை, அதுதான் முருகேசுவுக்கு இன்னும் பயமாக இருந்தது. "உன்ரை மனிசி எங்கடை வீட்டுச் சீலை ஒண்டை மாறிக் குடுத்துப்போட்டாள். அதாலை என்ன, முருகனுக்குத்தானே போனது. எங்கடை வீட்டுப் புண்ணியம். ஆனா முருகேசு, எங்கடை குறி வெறும் இலை. இலைக்குக் கீழை காம்பு இல்லை. பார், என்ரை வேட்டியிலை இருக்கோ? இல்லை. அதுதான் உன்னைத் துணிஞ்சு கூப்பிட்டனான். அப்ப அந்தக் காம்பைக் கீறி இலையை வேலாக்கினது ஆர்?"

மனேச்சரின் கண் கலங்கியிருந்தது. "எங்கடை வீட்டுக் குறியைத் தன்ரை ஆயுதமாக்கிப்போட்டான் முருகன். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்குத்தான் சொல்லுறன்."

ஏமாற்றுக்காரர் என்று அரை நிமிடம் நினைத்த மனிதர், பச்சைப் பிள்ளை போல நம்பிக்கொண்டு நிற்கிறார். அப்படியே நம்பிக்கொண்டு இருக்கட்டும் என்றுதான் முருகேசு நினைத்தார். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கவும் திரும்பிவிட்டார்.

"நல்லது" என்றார் கனகசபாபதி பின்னாலிருந்து. "அவசரத்துக்கு உள்ளை விட்டம். ஐயர் இண்டைக்கே பிராயச்சித்தம் செய்வார். இனி நீ வழக்கம் போலை வீதியிலை நிண்டு கும்பிடு, என்ன?"

முருகேசு நின்றார். அவர் துணிச்சல்காரர் இல்லை. அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று பிறகும் அவருக்குத் தெரியவில்லை.

"நயினார், அந்தக் காம்பை முருகன் கீறேல்லை. என்ரை மனிசி கீறினது."

"என்ன?"

"செத்தவீட்டு வெள்ளைக்கு அவள் அந்தக் கோடு போடுறவள். உங்கடை வீட்டிலை அந்தக் காலத்திலை நடந்தது ஒரே ஒரு செத்தவீடு, நயினார்."

கனகசபாபதி விரல் மடக்கிக் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு தை மாதம், அவருடைய தகப்பன். அந்தப் பந்தலின் கீழ்தான் அவர் நெய்ப்பந்தம் பிடித்தார்.

"ஐயாவுக்கு மேலை கட்டினதோ?" என்று கேட்டார்.

"ஓம் நயினார். பெரிய நயினாருக்கு மேலை கட்டின பந்தல் வெள்ளை."

கனகசபாபதி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பட்டுச் சால்வை ஒரு பக்கம் போய் விழுந்தது. உள்ளே மணி அடித்தது, சனம் திரும்பவும் அரோகரா என்றது. ஒவ்வொரு அரோகராவுக்கும் அவருடைய முகம் ஒரு தரம் கோணியது. முருகேசுவுக்கு இரக்கமாக இருந்தது, கை கொடுத்துத் தூக்கலாமா என்றும் நினைத்தார். தொடக்கூடாது என்பது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் இல்லை. எனக்கே இப்பதானே தெரியும்."

"சொல்லாதை முருகேசு." ஊரை அதட்டிப் பழகிய குரல் கெஞ்சியது. "ஆயிரம் சனம் வந்து கும்பிட்டிட்டுது. சொல்லிப்போடாதை."

"சொல்லமாட்டன் நயினார்." முருகேசு இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். கோயில் வாசலில் நின்று அவர் தோளில் துண்டு போட்டதை ஊர் அதற்கு முன் கண்டதில்லை. "நாளைக்கு விடியக் கும்பிட வாறன். முன்வாசலாலை."

மறுநாள் காலை அவர் வந்தார். வாசலில் நின்ற இருவர் கையை நீட்டி மறித்தார்கள். உள்ளே தீபத்தட்டோடு நின்ற கனகசபாபதி இந்தப் பக்கம் திரும்பாமலே, "விடுங்கோ அவரை" என்றார். மறித்த இருவரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். உள்ளே விடச் சொன்னது கூட அவர்களுக்குப் பெரிதில்லை, 'அவரை' என்றதுதான் விளங்கவேயில்லை. அந்த வருட முடிவுக்குள் வெளி வீதியில் நின்ற மற்றவர்களும் முருகேசுவின் பின்னால் ஒவ்வொருவராக அந்தப் படி ஏறினார்கள். மனேச்சருக்கு என்ன நடந்தது, எப்படி மனம் மாறினார் என்று ஊர் பலவிதமாகக் கதைத்தது. வேல் தெரிந்ததன் மகிமை என்று முடிவு கட்டியது. முருகேசுவும் ஓம் என்று தலையாட்டிவிட்டார்.

1979இல் படுக்கையில் விழும்வரை அவர் ஒரு வெள்ளி தவறவிடவில்லை. பூசை நேரத்தில் ஐயர் திரையின் கயிற்றை இழுப்பார். உள்ளே முருகன் தீப வெளிச்சத்தில் தெரிவார், எல்லாருடைய கண்ணும் கையும் அங்கே போகும். முருகேசு மட்டும் ஒதுங்கிச் சுருங்கிப் போகும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.